மல்லி மூட்டைக்குப் பின்னால்

கஸ்தூரி நகராண்மை மன்றத்துக்கு எழுதிய முதல் கடிதத்துக்கும், பக்கத்துக் கடைவீட்டை இடிக்கலாம் என்று உத்தரவு வந்த நாளுக்கும் நடுவில் ஆறு வருஷம் ஓடிப்போயிருந்தது. அந்த ஆறு வருஷத்தில் அவள் மகள் பிரவீனா பள்ளிக்கூடம் முடித்துப் பத்து பகாட் ஊரில் காலேஜ் சேர்ந்துவிட்டாள். கணவன் மனோகரன் சிங்கப்பூரில் இரண்டு கம்பெனி மாறிவிட்டான். பக்கத்துக் கடை மட்டும் அப்படியே நின்றது. அப்படியே என்று சொல்லக் கூடாது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்துகொண்டே வந்தது.

மலேசியாவின் குளுவாங் மாவட்டத்தில் ஆற்றை ஒட்டிய சின்ன ஊர் அது. ஆற்றுக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவே இரண்டு வரிசையாக நாற்பது கடைவீடுகள். கீழே கடை, மேலே குடியிருப்பு, முன்னால் அஞ்சடி நடைபாதை. பழைய கட்டடங்கள் என்று அந்தத் தெரு முழுவதையும் பாரம்பரியப் பகுதியாக அறிவித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஜன்னல் கதவை மாற்றுவதென்றாலும் மன்றத்திடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். கஸ்தூரியின் மசாலா மில் இருபத்தேழாம் நம்பர். மிளகாய், மல்லி, மஞ்சள், சீரகம் எல்லாம் அரைத்து, சுற்றியுள்ள சாப்பாட்டுக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மாமனார் நடத்திய மில்லை அவர் காலத்துக்குப் பிறகு அவள்தான் கையில் எடுத்தாள். மனோகரன் திங்கள் விடியும் முன் கிளம்பினால் சனிக்கிழமை மதியம்தான் வீடு திரும்புவான்.

இருபத்தொன்பதாம் நம்பர்தான் அந்தப் பாழடைந்த கடை. ஒரு காலத்தில் சீனர் ஒருவருடைய மளிகைக் கடை. அவர் போய்ச் சேர்ந்த பிறகு அது பத்தொன்பது வாரிசுகளுக்குச் சொந்தமாகி, பத்தொன்பது பேரும் பத்தொன்பது ஊரில் இருந்ததால் யாருக்கும் சொந்தமில்லாமல் போயிற்று. கூரை ஓடுகள் சரிந்தன. சுவர் இடுக்கில் ஆலங்கன்று முளைத்து மரமாகி, மாடி ஜன்னலுக்கு வெளியே கிளையை நீட்டிக்கொண்டு நின்றது. ஒருநாள் காலையில் கஸ்தூரி தன் மில்லில் மல்லி மூட்டையை இழுத்தபோது அதன் அடியில் கை பருமனில் மலைப்பாம்பு ஒன்று சுருண்டு கிடந்தது. தீயணைப்புப் படையிலிருந்து வந்த பையன் அதைச் சாக்கில் போட்டுக்கொண்டே, "குட்டிதான் அக்கா, இது தாய் இல்ல" என்றான். அந்த வார்த்தைக்குப் பிறகு கஸ்தூரி ஒரு மாதம் சரியாகத் தூங்கவில்லை.

பாம்பைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். போன வருஷம் பிரவீனாவுக்கு டெங்கி வந்து ஏழு நாள் குளுவாங் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான்காம் நாள் ரத்த அணு இறங்கி, டாக்டர் மனோகரனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்தபின் சுகாதாரப் பிரிவு ஆட்கள் பக்கத்துக் கடைக்குள் புகுந்து பார்த்தார்கள். உடைந்த தொட்டியில், பழைய சாடிகளில், கழிப்பறைப் பீங்கானில், எங்கே பார்த்தாலும் கொசுப் புழு. அன்றைக்கே கஸ்தூரி உட்கார்ந்து பதினோராவது கடிதத்தை எழுதினாள்.

அதற்கும் முன்னால் ஒரு தடவை காரியம் கைகூடி வந்ததுதான். இடிக்க அனுமதி கையெழுத்தாகும் நேரத்தில், பார்வையிட வந்த அதிகாரி மறுபக்கத்து முப்பத்தோராம் நம்பர் சுவரில் ஒரு வெடிப்பைப் பார்த்துவிட்டார். அது ஏன், எப்போது, எதனால் என்று ஆராய எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் கோப்பு எங்கோ அடியில் போய்விட்டது. திரும்பத் தோண்டி எடுக்கக் கஸ்தூரி நாலு தடவை மன்றத்துக்கு நடந்தாள்.

இந்த முறை வருஷக் கடைசி மழையில் இருபத்தொன்பதாம் நம்பரின் கூரை பாதி உள்ளே விழுந்தது. அந்தச் சத்தத்தில் தெருவே எழுந்து உட்கார்ந்தது. மூன்றே வாரத்தில் உத்தரவு வந்துவிட்டது. தெருவைப் பார்த்த முகப்பு மட்டும் அப்படியே நிற்க வேண்டும். பின்னால் உள்ளதை மேலிருந்து கீழாக, ஆள் கையாலேயே இறக்க வேண்டும். இயந்திரம் வைத்து இடிக்கக் கூடாது. ஆரம்பிக்கும் முன் இரண்டு பக்கத்துக் கட்டடங்களின் நிலையையும் இஞ்சினியர் படமெடுத்துப் பதிவு செய்ய வேண்டும்.

கடைசி வரியைக் கஸ்தூரி இரண்டு தடவை படித்தாள்.

காரணம் அவளுக்கும் மனோகரனுக்கும் மட்டும்தான் தெரியும். மில்லின் பின் பாதியில், இருபத்தொன்பதை ஒட்டிய சுவரில், தரையிலிருந்து உத்தரம் வரைக்கும் நூல் பிடித்தாற்போல ஒரு நேர்க்கோடு பிளந்திருந்தது. அவர்கள் இரண்டு தடவை சிமென்ட் பூசிப் பார்த்தார்கள். இரண்டு தடவையும் அதே இடத்தில் திரும்ப வாய் திறந்தது. கூரை விழுந்த பிறகு அதில் ஒரு சுண்டுவிரல் நுழைந்தது.

"இதப் பாத்தா அவ்ளோதாங்க" என்றாள் அந்த ஞாயிற்றுக்கிழமை. "திரும்ப ஆராய்ச்சி, திரும்ப எட்டு மாசம். அதுக்குள்ள இன்னொரு மழை வந்துரும்."

மனோகரன் பிளவில் விரலை விட்டுப் பார்த்தான். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். இரண்டு பேருமாகச் சேர்ந்து இருபத்தொரு மல்லி மூட்டைகளை அந்தச் சுவர் ஓரமாக உத்தரம் உயரத்துக்கு அடுக்கினார்கள். மில்லில் மூட்டை அடுக்கியிருந்தால் யாருக்கு என்ன சந்தேகம் வரப்போகிறது?

பதிவு செய்ய வந்தவள் ஃபரீஹா என்ற இளம் இஞ்சினியர். ஜொகூர் பாருவில் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் வேலை. தலையில் முக்காடு, அதற்கு மேலே வெள்ளை ஹெல்மெட், கையில் டேப்லெட். முன்னறை, படிக்கட்டு, மாடி என்று சுவர் சுவராகப் படமெடுத்து, ஒவ்வொரு கீறலுக்கும் பக்கத்தில் சின்ன அளவுகோலை ஒட்டிக் குறித்துக்கொண்டே வந்தாள். பின்பக்கம் வந்தபோது மணி நாலாகியிருந்தது. மூட்டைகளைப் பார்த்து நின்றாள்.

"ஆன்ட்டி, இதுக்குப் பின்னால எதுவும் இருக்கா?"

"வெறும் சுவருதாம்மா" என்றாள் கஸ்தூரி. "வேணும்னா நகர்த்தித் தரேன். அம்பது கிலோ மூட்டை. ஒரு ஆளு வரட்டும்."

ஃபரீஹா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு மூட்டைகளையே ஒரு படம் எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டிய போரத்தை நீட்டினாள். மேலே காட்டியவை தவிர வேறு சேதம் இல்லை என்று மலாயில் எழுதியிருந்த இடத்துக்குக் கீழே கஸ்தூரி கையெழுத்துப் போட்டாள். எப்போதும் போடுகிற மாதிரியே போட்டாள். அதுதான் பிற்பாடு அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

இடிப்பு வேலைக்கு வந்த காண்ட்ராக்டர் காளியப்பன், லாயாங் லாயாங் ஊர்க்காரர். ஐம்பத்தைந்து வயசிருக்கும். பழைய கட்டடங்களை இறக்குவதே அவருடைய தொழில். இடிக்கிறவர் என்று யாராவது சொன்னால் பிடிக்காது. "இடிக்கறதுக்கு மெஷின் போதும்மா. நாங்க இறக்கறவங்க. கட்டினவன் எந்த வரிசையில ஏத்தினானோ அதுக்கு நேர்மாறா இறக்கிக்கிட்டே வரணும்" என்பார். அவரிடம் நாலு ஆட்கள். மூன்று பேர் வங்காளதேசத்துக்காரர்கள், ஒருவர் இந்தோனேசியர். முதல் நாள் ஆலமரத்தைக் கிளை கிளையாகக் கழித்தார்கள். அடுத்து மிச்ச ஓடுகளை இறக்கி, உடையாததைத் தனியே அடுக்கினார்கள். பிறகு கூரை மரங்கள்.

மூன்றாம் நாள் காலை கஸ்தூரி வழக்கம்போல மிளகாய் அரைக்க மெஷினைப் போட்டாள். கால் மணி நேரத்தில் பக்கத்திலிருந்து தும்மல் கேட்டது. ஒருவர் தும்ம, அடுத்தவர் தும்ம, பிறகு நாலு பேரும் சேர்ந்து. காளியப்பன் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, என் ஆளுங்க மாடி மேல நிக்கறாங்க. தும்மற வேகத்துல ஒருத்தன் கீழ வந்துட்டான்னா நான் என்ன பண்றது?"

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆட்கள் சாப்பிட உட்காரும் ஒரு மணி நேரத்தில் மட்டும் மிளகாய். மற்ற நேரம் மல்லியும் மஞ்சளும் என்று ஒப்பந்தமாயிற்று. அதன் பிறகு தினமும் மூன்றரைக்கு அவர்களுக்குத் தேத்தண்ணி அவள் வீட்டிலிருந்துதான் போயிற்று. இந்தோனேசியருக்கு மட்டும் சீனி வேண்டாம்.

ஒவ்வொரு நாளும் பக்கத்துக் கடை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கொசு குறைந்தது. பின்கட்டில் துணி காயப்போடும் இடத்துக்கு வெயில் வந்தது. மாலையில் கஸ்தூரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, லாரியில் ஏறும் குப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆறு வருஷமாகக் கேட்டது நடக்கிறது என்ற நிறைவு அவள் முகத்தில் தெரிந்தது.

எட்டாம் நாள் இருபத்தொன்பதின் மாடித் தரையைப் பிரித்தார்கள். பலகைகளை உரித்து, அதன் கீழே இருந்த சட்டங்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்தார்கள். மதியம் இரண்டு மணி இருக்கும். கஸ்தூரி மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு எதிரே இருந்த அலமாரியின் கதவு தானாகத் திறந்தது. எழுந்து போய்ச் சாத்தினாள். திரும்பத் திறந்தது. குனிந்து பார்த்தாள். சுவரோரம் பலகைத் தரை சரிந்திருந்தது. பெரிய சரிவு இல்லை, கட்டைவிரல் அளவு. ஆனால் காலையில் அது இல்லை.

கீழே இறங்கி மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவே கிடைத்த சின்ன இடுக்கில் கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தாள். முன்பு சுண்டுவிரல் நுழைந்த பிளவில் இப்போது அவள் கையே நுழையும் போலிருந்தது. அந்தப் பிளவு வழியாக அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. யாரோ வங்காளத்தில் பாடிக்கொண்டே வேலை செய்வதும் கேட்டது.

அவள் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தாள். சும்மா இருந்துவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது உண்மை. இன்னும் பத்து நாளில் எல்லாம் முடிந்துவிடும். முடிந்த பிறகு விரிசல் விட்டது என்று சொன்னால் பழி இடித்தவர்கள் மேல்தான் போகும். போரத்தில் அவள் கையெழுத்து இருக்கிறது. முன்னால் எதுவும் இல்லை என்று. அந்த யோசனை முழுதாக வந்து உட்காரும் முன்பே காளியப்பனின் குரல் பிளவு வழியாகக் கேட்டது.

"அந்தத் தூணை நாளைக்குக் காலையில முதல் வேலையா எடுத்துரலாம். இன்னைக்கு அதச் சுத்திச் சுத்தம் பண்ணி வைங்க."

கஸ்தூரி எழுந்தாள். தேத்தண்ணி நேரம் ஆகவில்லை. ஆனாலும் வெறும் கையோடு போக முடியாமல் தண்ணீர் போத்தல் ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குள் போனாள். உள்ளே அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. மேலே வானம் தெரிந்தது. ஓட்டுக் குவியல் மேல் காளியப்பன் உட்கார்ந்து ரசீது பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், அவளுடைய சுவரை ஒட்டி, ஒரு ஆள் கட்டிப்பிடிக்கும் பருமனில் கறுத்த மரத்தூண் ஒன்று நின்றது.

"அண்ணே, எடுக்கப் போறேன்னு சொன்னது இந்தத் தூணா?"

"ஆமா. நல்ல செங்கால் மரம், இரும்பு மாதிரி. இத வாங்கவே ஆளு காத்திருக்கு."

"எடுக்காதீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க வீட்டு மாடி இறங்கியிருக்கு அண்ணே. மூட்டைக்குப் பின்னால சுவரு பொளந்திருக்கு. முன்னாலயே பொளந்துதான் இருந்துச்சு. அந்தப் பொண்ணு படம் எடுக்க வந்தப்ப நான் சொல்லல. தெரியக் கூடாதுன்னுதான் மூட்டை அடுக்கினேன்."

போத்தலை அவரிடம் கொடுக்காமல் தானே திறந்து குடித்தாள்.

காளியப்பன் ரசீதை மடித்துப் பையில் வைத்தார். ஆட்களைக் கூப்பிட்டார். ஆறு பேருமாக மூட்டைகளை நகர்த்தினார்கள். சுவர் முழுதாகத் தெரிந்ததும் அவர் அந்த நேர்க்கோட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். சுத்தியலின் பின்பக்கத்தால் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. ஒரு பக்கம் கட்டியாகச் சத்தம் வந்தது. இன்னொரு பக்கம் தகர டின்னைத் தட்டியதுபோல.

"கேட்டியா?" என்றார். மரியாதை மறந்து ஒருமையில் வந்த அந்தச் சொல் அவளைச் சுட்டது. "இது வரைக்கும்தான் உண்மையான சுவரு. இதுக்கு அந்தாண்ட இருக்கறது பிற்பாடு வச்ச தடுப்பு, அரைக்கல்லு கனம். ஒரு காலத்துல ரெண்டு கடையும் ஒண்ணா இருந்திருக்கு. பின் பாதியில சுவரே கிடையாது, தூணும் உத்தரமும்தான். அப்பறம் யாரோ ரெண்டாப் பிரிச்சு நடுவுல தடுப்பு எழுப்பியிருக்கான். தூணு அந்தப் பக்கம் போயிருச்சு. உங்க மாடியில பின் பாதி மொத்தமும் அந்தத் தூண் மேலதான் நிக்குது."

"நாளைக்கு அத எடுத்திருந்தா?"

அவர் உத்தரத்தை நிமிர்ந்து பார்த்தார். ஆட்கள் பக்கம் திரும்பி, லாரியில் இருக்கும் இரும்பு முட்டுகளை எல்லாம் கொண்டுவரச் சொன்னார். அந்தி சாய்வதற்குள் உத்தரத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் பதினாலு முட்டுகள் நின்றன. கிளம்பும்போதுதான் அவளிடம் பேசினார்.

"உள்ள நாலு பேரு வேலை செய்யறாங்கம்மா. அந்தச் சுவத்துக்கு அடியிலதான் மதியம் படுத்துத் தூங்குவாங்க. அத நெனச்சுப் பாத்திருக்கணும் நீங்க." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "இன்னைக்காவது வந்து சொன்னீங்களே. மேல படுக்காதீங்க. கீழ முன்னறையில படுங்க."

அன்று இரவு மனோகரனிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"தூணை எடுக்காதீங்கன்னு மட்டும் சொல்லியிருக்கலாமே" என்றான். "மூட்டையை ஏன் நகர்த்தின?"

"ஏன்னு கேப்பாருல்ல?"

"அது சரிதான்." பெருமூச்சு விட்டான். "மன்றத்துல என்ன சொல்லுவாங்களோ."

"என்ன சொன்னாலும் கேட்டுக்கணும்."

"நான் நாளைக்கு லீவு கேக்கறேன். நீ தனியா நிக்க வேணாம்."

மறுநாள் காலை ஃபரீஹா வந்தபோது மனோகரனும் வந்து சேர்ந்திருந்தான். அவள் பிளவைப் படமெடுத்தாள், அளந்தாள், தட்டிப் பார்த்தாள், மாடிக்குப் போனாள், வந்தாள். கடைசியில் ஹெல்மெட்டைக் கழற்றி மெஷின் மேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இந்த நேர்க்கோட்டப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும், ஆன்ட்டி. இப்பிடி வெடிப்பு இருந்தா ரெண்டு சுவரு சேர்ற இடம்னு அர்த்தம். மேல உத்தரம் எங்க உக்காருதுன்னு தேடியிருப்பேன்."

"என் தப்புதாம்மா. இல்லன்னு சொல்லல. எழுதிக் குடுக்கறேன்."

ஃபரீஹா மூட்டைகள் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்கு மணி நாலு" என்றாள் மெதுவாக. "அஞ்சுக்கு மேல கிளம்பினா ஜொகூர் பாரு போற ரோடு ஜாமாயிரும். மூட்டையை நகர்த்தச் சொல்லியிருக்கணும், அதுதான் என் வேலை. வெறும் சுவருன்னு நீங்க சொன்னதும் எனக்கும் வசதியாப் போச்சு. ரிப்போர்ட்ல அதையும் எழுதணும்."

"அத எழுதினா உங்களுக்கு ஏதாவது வருமா?"

"திட்டு வரும்." லேசாகச் சிரித்தாள். "வரட்டும் லா. இதோட போச்சேன்னு இருக்கு."

கஸ்தூரி அன்று மத்தியானமே கடிதம் எழுதினாள். முன்னே எழுதியவை எல்லாம் இரண்டு பக்கம், மூன்று பக்கம். இது ஏழே வரி. வெடிப்பு இருந்தது எனக்குத் தெரியும்; தாமதம் ஆகிவிடும் என்று பயந்து மறைத்தேன்; காண்ட்ராக்டர் மேல் குற்றம் இல்லை. மனோகரன் அதை வாங்கி வாசித்துவிட்டு, ‘மறைத்தேன்’ என்பதை ‘மறைத்தோம்’ என்று திருத்தச் சொல்லி, தானும் கையெழுத்துப் போட்டான்.

மன்றத்தில் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். இடிப்பு நின்றது. மில்லின் அதிர்வு சுவருக்கு ஆகாது என்று மில்லையும் நிறுத்தச் சொன்னார்கள். சரி செய்து முடிக்கும்வரை, குறைந்தது நான்கு மாதம். அவள் பயந்த தாமதம் கடைசியில் வந்தேவிட்டது. ஆனால் அது வந்து நின்றபோது அவளுக்கு நினைத்த அளவு பயமாக இல்லை.

ஆர்டர்களை விட முடியாது. காளியப்பன்தான் வழி சொன்னார். சிம்பாங் ரெங்கத்தில் கிருஷ்ணம்மா என்று ஒரு அம்மாள் மில் வைத்திருந்தார், காளியப்பனுக்குத் தூரத்து உறவு. வாரத்தில் மூன்று நாள் மதியத்துக்கு மேல் அந்த மெஷின் சும்மாதான் கிடக்கும். கஸ்தூரி மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே அரைத்து எடுத்துவந்தாள். கிருஷ்ணம்மா அதிகம் பேசமாட்டார். ஆனால் மஞ்சளை எவ்வளவு வறுக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்து, அது இரண்டு வாரம் நீண்டது. கடைசியில் இருவர் சொன்னதுக்கும் நடுவில் ஒரு பக்குவத்துக்கு வந்தார்கள். அந்தத் தூளைச் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் திரும்பக் கேட்டு வாங்கினார்கள்.

இங்கே வேலை நடந்தது. ஃபரீஹா வரைபடம் போட்டுக் கொடுத்தபடி, கஸ்தூரியின் பக்கத்தில் மூன்று இடத்தில் ஆழமாகத் தோண்டி, கான்கிரீட் ஊற்றி, இரும்புத் தூண்கள் நிறுத்தினார்கள். அரைக்கல் தடுப்பைப் பிரித்துவிட்டு, பழைய செங்கலையும் சுண்ணாம்பையும் கொண்டே முழுச் சுவராக எழுப்பினார்கள்; பாரம்பரியப் பகுதியில் சிமென்ட் கல் கூடாதாம். அந்தச் செங்கல் இருபத்தொன்பதிலிருந்து இறக்கியதுதான். காளியப்பனின் ஆட்கள் ஒவ்வொரு கல்லாகப் பழைய சாந்தைச் சுரண்டி அடுக்கினார்கள். கஸ்தூரியும் சில மாலைகளில் அவர்களோடு உட்கார்ந்து சுரண்டினாள். முதல் நாள் வேண்டாம் என்றார்கள். இரண்டாம் நாள் அவளுக்கும் ஒரு ஜோடி கையுறை வந்தது.

பழைய தூணை எடுத்த நாளில் தெருவே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. ஃபரீஹா உத்தரத்தின் கீழே ஒரு அளவுக் கம்பியை நிறுத்தி அதன் முன்னால் குந்திக்கொண்டாள். காளியப்பன் ஆட்களை விலகச் சொல்லிவிட்டு, தூணின் காலடியில் இருந்த ஆப்புகளைத் தானே ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தார். கடைசி ஆப்பு வந்ததும் மரம் ஒரு முனகல் முனகியது. எல்லாரும் மேலே பார்த்தார்கள்.

"எவ்ளோ?" என்றார் காளியப்பன்.

"அசையல" என்றாள் ஃபரீஹா.

தூணைச் சங்கிலி கட்டிச் சாய்த்து வெளியே இழுத்தார்கள். கஸ்தூரி அப்போதுதான் மனோகரனின் கையை விட்டாள். அவன் விரல்கள் சிவந்திருந்தன.

அடுத்த பத்து நாளில் மிச்சமிருந்ததும் இறங்கியது. தெருவிலிருந்து பார்த்தால் இருபத்தொன்பதாம் நம்பர் முன்போலவே, மேலே பூ வேலையும் ஜன்னல்களுமாக நின்றது. பின்னால் இருந்து இரும்புச் சாய்கால்கள் தாங்கின. ஜன்னல் வழியே பார்த்தால் மறுபக்கத்து ஆறு தெரிந்தது. அந்த இடத்தில் என்ன கட்டுவது என்று பத்தொன்பது வாரிசுகளுக்கும் மன்றம் எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். இதுவரை மூன்று பேர் பதில் போட்டிருக்கிறார்கள்.

காளியப்பன் அடுத்த வேலைக்குக் கிளம்பும் அன்று கஸ்தூரி ஐந்து பொட்டலம் மிளகாய்த்தூள் கட்டிக் கொடுத்தாள். அவர் வாங்கி மோந்து பார்த்து, உடனே தும்மினார். "தங்கச்சி" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தத் தெருவுல இன்னும் ரெண்டு கடை இறக்க வேண்டியிருக்கு. என்னைத்தான் கூப்பிடுவாங்க போல. அப்ப வரேன்."

மில்லைத் திரும்ப ஓட்டலாம் என்று அனுமதி வந்தது நோன்பு மாதத்துக்கு இரண்டு வாரம் முன்பு. கடைக்காரர்கள் எல்லாரும் இரட்டிப்பாகக் கேட்கிற நேரம். மெஷினைச் சுவரிலிருந்து தள்ளி, தனி மேடை கட்டி, அடியில் கெட்டி ரப்பர் வைத்து இறக்கியிருந்தார்கள். ஃபரீஹா புதுச் சுவரும் பழைய சுவரும் சேரும் இடத்தில், வெளிப்பக்கம், மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றைக் குறுக்காக ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். சுவர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் அது உடைந்துவிடும் என்றாள்.

சனிக்கிழமை மதியம் மனோகரன் பையைக்கூட இறக்கி வைக்காமல் சுவிட்சிடம் போனான். கஸ்தூரி சுற்றி வந்து வெளியே காலி மனையில், கண்ணாடியின் முன்னால் நின்றாள். உள்ளே மெஷின் முனகி, வேகம் பிடித்து, மல்லி விழும் சத்தம் சீரானது. அவள் குனிந்து கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவள் முகமும் பின்னால் ஆற்றின் வெளிச்சமும் தெரிந்தன.

"எப்பிடி இருக்கு?" என்று உள்ளேயிருந்து கத்தினான் மனோகரன். "நிறுத்தவா?"

"வேணாம்" என்றாள். "இன்னும் கொஞ்சம் ஓட்டுங்க."